அண்ணாச்சிக்கு ஏவுதல் வரவில்லை

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை.

ஒரு ஜனவரி மாதத்துச் சனிக்கிழமை மாலை அது. டெல்லிக் குளிர் கோயில் தரையிலிருந்து காலுறையைத் தாண்டி எலும்புக்குள் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தேவாலயமும் கோயில்தான். அந்துருண்டை வாசமடிக்கும் சால்வைகளும் ஸ்வெட்டர்களுமாக எங்கள் தமிழ்ச் சபை முழுக்க உள்ளே கூடியிருந்தது. மேடையில் நின்றவர், "படகை விட்டு இறங்க ஆயத்தமா இருக்கிறவங்க ரெண்டு கையையும் உயர்த்துங்க" என்றார். கைகள் உயர்ந்தன. "இப்ப கண்களை மூடுங்க. ஆண்டவரை மட்டும் பாருங்க." கண்கள் மூடின.

ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் எங்கள் சபைச் செயலாளர் ஞானராஜ் அண்ணாச்சி கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றார். இரண்டு கையும் மேலே. கை மேலே போய்விட்டதால், எப்போதும் அவர் கக்கத்தை விட்டு இறங்காத கறுப்பு ஜிப் உறை, உள்ளே வேதப்புத்தகத்தோடு பெஞ்சின் ஓரத்தில் கிடந்தது. அந்த உறைக்குள்தான் கோயிலை ஒட்டின சபை ஹாலின் சாவி இருந்தது.

வெளியே, காம்பவுண்டு கேட்டை ஒட்டின நடைபாதையில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத ஒரு குழந்தை பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் கிடந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆண்டு மலரில் ஒரு படம்

இந்த வாரம் வேறு எழுதுவதாக இருந்தேன். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் தண்ணீருக்குச் சண்டை போட்ட கதையைப் பாதியில் நிறுத்தியிருந்தேன், அதை முடிக்கச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். தபாலில் எங்கள் பழைய சபையின் ஆண்டு மலர் வந்து என் நிம்மதியைக் கெடுத்துவிட்டது.

நடுப்பக்கத்தில் பெரிய வண்ணப் படம். ஹாலின் வெள்ளை டைல்ஸ் தரையில் பாய் விரித்துக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. பெண்கள், குழந்தைகள், மூட்டைகள். அவர்களுக்கு நடுவில் அண்ணாச்சி, யாருடைய குழந்தையையோ தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கீழே கொட்டை எழுத்தில், "ஆண்டவரின் ஏவுதலால் நம் சபை திறந்த கதவு."

எனக்கு வந்ததே கோபம். கையிலிருந்த டீயை வைத்துவிட்டு அந்த வரியை உரக்க வாசித்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "விடுட்டி. நல்லதுதான நடந்துச்சு. யார் பேர்ல நடந்தா என்ன?" என்றார்.

யார் பேரில் நடந்தால் என்னவாம். ஆண்டவர் பேரில் அல்லவா போட்டிருக்கிறார்கள்! அந்தக் கதவு எப்படித் திறந்தது என்று எனக்குத் தெரியும். கஸ்தூரிக்குத் தெரியும். மேலே இருக்கிறவருக்கும் தெரியும். மலர் போட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயரும் ஏவுதலும்

எங்கள் சபைத் தமிழ் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பெரிய குழப்பம் வரும், எனக்கே வந்திருக்கிறது.

கல்யாணமான புதிதில் கிட்வாய் நகரில் இருந்தபோது பக்கத்து வீட்டு மாமியிடம், "இன்னைக்கு எங்க வீட்டுக்கு ஐயர் வாராரு" என்று சொல்லிவிட்டேன். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் போதகருக்கு ஐயர் என்றுதான் பெயர். மாமி கண்ணை அகலத் திறந்தாள். "உங்காத்துக்கு ஐயரா? எதுக்குடி, புண்ணியாகவாசனமா?" அன்று சாயங்காலம் எங்கள் ஐயர் வெள்ளை அங்கியோடு வந்து, ஜெபம் பண்ணி, நான் வைத்த கோழிக் குழம்பை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை மாமி ஜன்னல் வழியே பார்த்துவிட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் விஷயம் தெரிந்து அவளே வந்து சிரித்துவிட்டுப் போனாள்.

ஏவுதல் என்பதும் அப்படி எங்களுக்கே உரிய ஒரு சொல். ஒரு காரியத்தைச் செய் என்று ஆண்டவர் உள்ளத்தில் தூண்டுவது. நல்ல சொல்தான். அரசாங்கத்தில் ஸ்டெனோ வேலைக்கு உத்தரவு வந்தபோது, டெல்லி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடச் சரியாகத் தெரியாத நான் ஒற்றை டிரங்குப் பெட்டியோடு தனியாக ரயில் ஏறியது அந்த நம்பிக்கையில்தான். அழுதுகொண்டுதான் ஏறினேன். ஆனாலும் ஏறினேன்.

அந்தச் சொல்லைத்தான் எங்கள் அண்ணாச்சி கதவுக்குத் தாழ்ப்பாளாக்கி வைத்திருந்தார்.

பாடகர் குழுவுக்கு என்ன நிறத்தில் சேலை எடுப்பது? ஏவுதல் உடனே வந்துவிடும். மூன்றாம் முறையும் அவரே செயலாளராக நிற்கலாமா? ஏவுதல் முந்தின நாளே வந்து காத்திருக்கும். ஹாலுக்கு வெள்ளை டைல்ஸா, சந்தன நிறமா? கடையில் நின்ற நிற்பில் வந்தது. ஒருவனுக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் வேண்டும், ஒரு விதவைக்கு வீடு மாற்ற நாலு பேர் வேண்டும் என்று போய் நின்றால் மட்டும் ஏவுதலுக்குக் காலில் சுளுக்கு பிடித்துக்கொள்ளும். "ஜெபிச்சிட்டு சொல்லுதேன் தங்கச்சி" என்பார். சொல்லவே மாட்டார்.

இதையெல்லாம் தட்டிக் கேட்க அப்போது எங்களுக்கு ஐயரும் இல்லை. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் இன்னும் வரவில்லை. சபை, சாவி, மைக் எல்லாம் அண்ணாச்சி கையில்.

படகை வீட்டு இறங்கு

அந்த ஜனவரியில் எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன். தலைப்பு, "படகை விட்டு இறங்கு." புயலில் பேதுரு படகை விட்டு இறங்கித் தண்ணீர்மேல் நடந்த கதை தெரியாத கிறிஸ்தவர் கிடையாது. அதை வைத்து, சொகுசை விட்டு வெளியே வா, ஆண்டவரை நம்பிக் காலெடுத்து வை என்று பேச வேண்டும்.

வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அச்சடித்த ஹிந்திக்கார பையாவுக்குத் தமிழ் தெரியாததால் 'விட்டு' என்பது 'வீட்டு' ஆகி, "படகை வீட்டு இறங்கு" என்று தொங்கியது. தமிழ் படிக்கத் தெரியாத எங்கள் டெல்லிப் பிள்ளைகள் அதற்கடியில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் போய்ச் சொன்னேன். "அர்த்தம் வெளங்குதுல்லா, விடுங்க" என்றார் அண்ணாச்சி.

பேச வந்தவர் சென்னையிலிருந்து வந்த தேவ செய்தியாளர். பத்திரிகைச் செய்தியாளரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள். இவர் நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை "உங்க கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளிய வாங்க" என்றார். அவரைச் சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் விடுதியில் தங்க வைத்திருந்தார்கள். அறையில் இருந்த ஹீட்டர் போதவில்லை என்று அண்ணாச்சிக்குப் போன் வந்தது. அண்ணாச்சி என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். ஜனக்புரி மார்க்கெட்டில் இன்னொரு ஹீட்டர் வாங்கி, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார் இவர்.

இதையும் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்: முதல் நாள் அந்த மனிதர் நன்றாகவே பேசினார். படகின் விளிம்பில் பேதுரு ஒரு காலைத் தூக்கி வைத்த அந்த நொடியை அவர் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. டிரங்குப் பெட்டியும் ரயிலும் நினைவுக்கு வந்தன. நிறைந்த மனதோடுதான் வீட்டுக்கு வந்து படுத்தேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் இருக்கும்போது கஸ்தூரி போன் செய்தாள்.

கூரையில் இருந்த முகம்

கஸ்தூரி கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. நாலு கோட்டிகளில் பாத்திரம் தேய்க்கிறவள். பங்களா வீட்டை இங்கே கோட்டி என்பார்கள். சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் ஜுக்கி என்கிற தகரக் குடிசையில் புருஷனோடும் தம்பி குடும்பத்தோடும் இருந்தாள். சில வருடங்களுக்கு முன்னால் தானாக எங்கள் கோயிலுக்கு வந்து, தானாக ஞானஸ்நானம் கேட்டு வாங்கினாள். அதற்காக ஊரில் மாமியார் வீடு அவளை விலக்கி வைத்துவிட்டது. நாத்தனார் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. எங்கள் சபையில் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்தி, ஆண்டவரை நம்பி எதையாவது இழந்தவர் யார் என்று கேட்டால் முன்னால் வர வேண்டியவள் அவள். அவள் உட்காருவது கடைசி பெஞ்சில்.

"அக்கா, புல்டோசர் வந்துடுச்சிக்கா. ஜல்தி காலி பண்ணுன்னு போலீஸ் டண்டாவால தட்றாங்க. புள்ளைங்களத் தூக்கறதா, சாமானத் தூக்கறதான்னு தெரியல." பின்னால் இரும்பு நசுங்கும் சத்தம் கேட்டது.

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள், பனி மூட்டத்துக்குள் தங்கள் வீடுகளின் மேல் ஏறி நின்று தகரத்தையும் குக்கரையும் தேடிக்கொண்டிருந்தன. கஸ்தூரியின் தம்பி பெண்டாட்டி மடியில் அந்தப் பச்சைப்பிள்ளை. ஒரு கம்பளி. அதுவும் நனைந்திருந்தது.

இடிபாட்டுக்கு மேல் ஒரு ஃபிளெக்ஸ் கிழிந்து கிடந்தது. போன வருடத்து எங்கள் கன்வென்ஷன் ஃபிளெக்ஸ். முடிந்ததும் கஸ்தூரி கேட்டு வாங்கிப் போய்க் கூரையில் போட்டிருக்கிறாள். "அவர் நிழலில்" என்ற தலைப்பும் போன வருடச் செய்தியாளரின் சிரித்த முகமும் சேற்றில் கிடந்தன. அந்த முகத்தை மிதித்துக்கொண்டு போலீஸ்காரர் ஒருவர் செல்போன் பேசினார். பிள்ளைபெற்றவளுக்கு இத்தனை நாள் மழையும் பனியும் படாமல் மறைத்த முகம் அதுதான். எங்கள் சபை அந்தக் குடும்பத்துக்குச் செய்த ஒரே உதவி குப்பைக்குப் போக வேண்டிய ஒரு ஃபிளெக்ஸ் என்பது எனக்கு அங்கே நின்றபோது உறைத்தது.

"அரசாங்கம் வச்சிருக்க இரவு தங்குற எடம் இருக்கே, அங்க போகலாமா?" என்று கேட்டேன்.

"ஆம்பளைங்கள ஒரு எடம், பொம்பளைங்கள ஒரு எடம்னு பிரிச்சி அனுப்பறாங்கக்கா. சாமானத்த யாரு பாக்கறது?" என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நம்ம ஹால் இருக்குல்ல அக்கா? சும்மாதான பூட்டிக் கெடக்குது. போன வாரம் நான்தான முட்டி போட்டு சிமெண்ட்டெல்லாம் சொரண்டிக் கழுவுனேன்."

எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை! "வாங்க எல்லாரும்" என்றேன்.

"ஜெபிச்சிட்டு சொல்லுதேன்"

அண்ணாச்சி கோயில் வராந்தாவில் நாற்காலிகளுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஜன்னல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, கக்கூஸ் இருக்கிறது, நாலு நாளைக்குத் திறந்து கொடுத்தால் போதும், அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்றேன்.

"பாவம்லா" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "ஆனா தங்கச்சி, ஞாயித்துக்கிழம அசனம் கெடக்கு. புது டைல்ஸு. இன்னும் ஒருத்தர் கால் வைக்கல."

அசனம் என்பது எங்கள் பக்கத்துக் கோயில்களின் பொது விருந்து. ஏழை பணக்காரர் பார்க்காமல் எல்லாரும் ஒரே தரையில் உட்கார்ந்து ஒரே சோற்றை உண்பது. அதற்காக ஹாலைப் பூட்டி வைத்திருக்கிறாராம்.

"அண்ணாச்சி, வெளிய பச்சப்பிள்ள கெடக்கு" என்றேன்.

"எனக்கு மனசு கெடந்து அடிக்கத்தான் செய்யுது. ஆனா நாளைக்கு இவ்வோ காலி பண்ண மாட்டோம்னா என்ன செய்யது? யோசிக்கணும்லா. ஏவுதல் வரணும். ஜெபிச்சிட்டு சொல்லுதேன்."

அன்று மாலை இரண்டாம் நாள் கூட்டம். கஸ்தூரி எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நடைபாதையில் உட்கார வைத்திருந்தாள், எப்படியும் கதவு திறக்கும் என்று. கன்வென்ஷனுக்கு வந்தவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்தார்கள். சிலர் "ஸ்தோத்திரம்" என்றார்கள். கூட்டம் முடிந்ததும் அண்ணாச்சியிடம் போனேன். தலையை ஆட்டினார். "ஜெபிச்சேன் தங்கச்சி. தெளிவு இல்ல."

பச்சைப்பிள்ளையையும் தாயையும் கஸ்தூரியையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். எங்களுடையது இரண்டே அறை. அதற்குமேல் ஆள் கொள்ளாது. காலையில் பிள்ளையின் தாய் எழுந்து, என் போர்வையை மடித்து வைத்துவிட்டு, "நாங்க போறோம்மா" என்றாள். "எங்க வீட்டுக்காரு வெளில. மத்த புள்ளைங்க ராத்திரியெல்லாம் இருமிச்சிங்களாம். நாங்க மட்டும் எப்படி உள்ள இருக்கறது?" எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு அண்ணாச்சியிடம் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் வாசலை மறித்துக்கொண்டார்.

"ஏட்டி எஸ்தரு, மறந்துட்டியா? அடுத்த மாசம் ஓல வாசிக்கணும்."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்தால்தான் எங்களில் கல்யாணம். எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அண்ணாச்சிதான், அவருடைய மதினி வீட்டுப் பையன். "அவரப் பகச்சிக்கிட்டா எங்க போய் நிப்போம்? இந்த ஊர்ல நமக்குன்னு இருக்கது அந்தக் கோயில் ஒண்ணுதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்களுக்கு டெல்லியில் சொந்தபந்தம் என்று எதுவும் கிடையாது. நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பது அந்தச் சபைதான். என் படகு அதுதான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஏவல் வைப்பாங்களா அக்கா?"

இருந்தாலும் போனேன். அண்ணாச்சியிடம் மூன்றாம் தடவையும் கேட்டேன். அதே பதில். இந்தத் தடவை கஸ்தூரியும் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஏங்க்கா, நம்ம கோயில்லயும் ஏவல் வைப்பாங்களா?"

"என்னது?"

"அண்ணாச்சி சொன்னாருல்ல. ஏவல் வரணும், வந்தாதான் கதவத் தொறப்பேன்னு. எங்க ஊர்ல எங்க பெரியப்பாவுக்கு வச்சாங்கக்கா ஏவல். ரத்தம் ரத்தமா கக்கி செத்தாரு. அதெல்லாம் வேணாம்னுதான நான் இங்க வந்தேன்."

ஏவுதல் அவள் காதில் ஏவலாக விழுந்திருக்கிறது. பில்லி, சூனியம், ஏவல். யாரோ ஒருவன் கண்ணுக்குத் தெரியாததை அனுப்பி இன்னொருவனை முடக்குவது. எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அடுத்த நொடியே சிரிப்பு செத்துவிட்டது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டாள்? ரத்தம் கக்கினால்தான் ஏவலா? கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பேரைச் சொல்லி இத்தனை குடும்பத்தை நடைபாதையில் முடக்கிப் போட்டிருக்கிறாரே, அதற்கு என்ன பேர்?

"அது ஏவல் இல்ல கஸ்தூரி. ஏவுதல். ஆண்டவர் மனசுல வந்து, இதச் செய்யின்னு சொல்லுதது" என்றேன்.

"அப்ப அண்ணாச்சிகிட்ட அவரு இன்னும் சொல்லலியா?"

எனக்கு அண்ணாச்சிமேல் மட்டும் இல்லை, ஆண்டவர் மேலேயே கோபம் வந்தது. சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா உமக்கு? அன்று மதியம் முழுக்கச் சமையலறையில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு அவரோடு சண்டை போட்டேன்.

நடுக் கம்பளம்

மாலைக் கூட்டத்தில்தான், ஆரம்பத்தில் சொன்னேனே, எல்லாரும் கையைத் தூக்கிக் கண்ணை மூடினார்கள்.

செய்தியாளர் ஜெபிக்கத் தொடங்கினார். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் ஒரு சிவப்புக் கம்பளம். இத்தனை வருடத்தில் அதைத் தாண்டி நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. அண்ணாச்சியின் உறையையே பார்த்துக்கொண்டு நின்றேன். "உம்மை நம்பி இறங்குகிறோம் தகப்பனே" என்று அண்ணாச்சி முணுமுணுப்பது எனக்கே கேட்டது.

நான் பெஞ்சை விட்டு வெளியே வந்தேன்.

எந்தக் குரலும் கேட்கவில்லை. உள்ளத்தில் தெளிவு, சமாதானம், ஒரு மண்ணும் இல்லை. மகள் முகம் வந்து நின்றது. "ஆண்டவரே, எனக்கும் ஏவுதல் வரவில்லை. ஆனாலும் போகிறேன். தப்பென்றால் நீர்தான் என்னைத் தடுக்க வேண்டும். மூழ்கினால் தூக்கவும் வேண்டும்" என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு கம்பளத்தின்மேல் காலை வைத்தேன். செருப்பு வாசலில் இருந்தது, காலுறைக் கால்தான், சத்தமே இல்லை. பேங்கில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர், எங்கள் மாடி வீட்டுக்காரர், பாடகர் குழுத் தலைவர் என்று ஒவ்வொரு மூடிய முகமாகக் கடந்து போனேன். என் வீட்டுக்காரரையும் கடந்தேன். அவர் கண்ணும் மூடித்தான் இருந்தது.

உறையை எடுத்தேன். ஜிப்பை இழுத்தால் சத்தம் போட்டது. நின்றுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், மேடையில் செய்தியாளரின் கண்கள் திறந்திருந்தன. நேராக என்னைத்தான் பார்த்தார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அதுவரை முடிக்கிற குரலில் இறங்கிக்கொண்டிருந்தவர், சட்டென்று குரலை உயர்த்தினார். "இந்த தேசத்துக்காக ஜெபிக்கிறோம் ஆண்டவரே! தலைவர்களுக்காக! எல்லையைக் காக்கிறவங்களுக்காக!" கோயிலே அதிரும் குரல். அந்தச் சத்தத்துக்குள் நான் ஜிப்பை முழுக்க இழுத்துச் சாவியை எடுத்துவிட்டேன். எனக்காகத்தான் நீட்டினாரா, அல்லது வழக்கமே அதுதானா என்று இன்றுவரை தெரியாது. அவரிடம் கேட்கவும் இல்லை. ஹீட்டர் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது.

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கூட்டம் முடிந்து வெளியே வந்தவர்கள், ஹாலில் விளக்கு எரிவதைப் பார்த்து எட்டிப் பார்த்தார்கள். இப்போதுதான் இரண்டு கையையும் தூக்கிவிட்டு வந்தவர்கள், வெளியே போ என்று எந்த வாயால் சொல்வார்கள்? ஒருவர் சால்வையைக் கழற்றிக் கொடுத்தார், இன்னொருவர் பால் வாங்க ஓடினார். மறுநாள் அசனமும் அவர்களோடுதான் நடந்தது. மலரில் வந்த படம் எடுத்தது அப்போதுதான். அண்ணாச்சி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார். என்னைச் சாவி திருடி என்று சொன்னதாகக் கேள்வி. மகளின் சம்பந்தம் முறியவில்லை, பையன் நல்லவன். ஆனால் ஓலையை வேறொரு சபையில், முகம் தெரியாதவர்கள் நடுவில்தான் வாசித்தோம். மூன்று ஞாயிறும் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நிமிடத்தில் நான் சாவியோடு பக்கவாட்டு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். பனி முகத்தில் அறைந்தது. பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் கஸ்தூரி. கடைசி பெஞ்சில் அவளும் கண்ணை மூடாமல்தான் நின்றிருக்கிறாள்.

ஹால் பூட்டு குளிரில் இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். திறந்துகொண்டது. உள்ளே அவள் கழுவிய டைல்ஸ் இருட்டிலும் வெள்ளையாகத் தெரிந்தது. கோயிலுக்குள்ளிருந்து ஒரு பெரிய ஆமென் கேட்டது.

கஸ்தூரி பூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஏவல் வந்துடுச்சா?"

"வந்துட்டு" என்றேன். "பிள்ளைய உள்ள கொண்டா, முதல்ல."